திமிலில் இருந்த கை

என் தம்பியை மாடு குத்திய நொடியில் நான் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கேலரியின் மேல்வரிசையில் உட்கார்ந்து கேமராவுக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். ஜல்லிக்கட்டில் கூட்டம் ஓயாமல் கத்தும். அந்த இரைச்சல் சட்டென்று நின்றது. நிமிர்ந்தேன். வாடிவாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கறுப்பு மாடு தலையை உதறிக்கொண்டிருந்தது. அதன் கொம்பில் ஒரு ஆள் மாட்டியிருந்தான். கால்கள் தரையில் படவில்லை. கொம்பு தொடைக்குள் போயிருந்தது. அப்படியும் ஒரு கையால் திமிலை இறுகப் பிடித்திருந்தான். அந்தக் கையில் செம்புக் காப்பு. காப்பைப் பார்த்துத்தான் அது தம்பி என்று எனக்குத் தெரிந்தது.

மாட்டின் மறுபக்கத்தில் இன்னொருவரும் தொற்றியிருந்தார். திருமயம் பக்கத்து மாடுபிடி வீரர். எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியாத இளவட்டம் கிடையாது. மைக்கில், "ரெண்டு பேரு பிடிக்காதப்பா! ஒருத்தர் விடு, ஒருத்தர் விடு!" என்று அலறினார்கள். ஒரு மாட்டை ஒருவர்தான் பிடிக்க வேண்டும். இருவர் கை வைத்துவிட்டால் அந்தப் பிடி யாருக்கும் சேராது. தம்பி விடவில்லை. அவரும் விடவில்லை. மாடுதான் உதறியது. உதறிய வேகத்தில் தம்பி மூங்கில் தடுப்பில் போய் அடித்து விழுந்தான். மாடு அதோடு போகவில்லை. திரும்பி வந்து நெற்றியால் அவன் விலாவை முட்டி, தரையோடு வைத்துத் தேய்த்தது. தரையில் தேங்காய் நார் பரப்பியிருந்தார்கள். நார் ரத்தத்தைக் குடித்துக் குடித்துக் கறுத்தது.

நான் கேலரியிலிருந்து இறங்கினேனா, விழுந்தேனா என்று தெரியாது. நான் போய்ச் சேர்வதற்குள் எங்கள் போட்டோ குழுவை நடத்துகிற அண்ணன், என் தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். கேலரியின் கீழ்க் கம்பியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே குதித்திருக்கிறார். கழுத்தில் தொங்கிய கேமரா தம்பியின் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தது. தன் துண்டைத் தம்பியின் தொடையில் சுற்றி, முழங்காலை அதன்மேல் ஊன்றி இழுத்துக் கட்டினார். கட்டக் கட்ட விரலிடுக்கில் ரத்தம் பீய்ச்சியது. என்னைப் பார்த்ததும், "டீச்சர், வராதீங்க! அங்கிட்டே நில்லுங்க!" என்று கத்தினார். ஆம்புலன்ஸ் வரை அவர்தான் அவனைச் சுமந்துகொண்டு ஓடினார். பெரியாஸ்பத்திரியில் டாக்டர், அந்தத் துண்டு மட்டும் இல்லாவிட்டால் வழியிலேயே முடிந்திருக்கும் என்றார்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு, ஒரு நல்ல கேமராவோடு திரும்பி வந்து, புதுக்கோட்டையில் செல்போன் கடை வைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் போன்ற ஆசைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கண்மாய், கோட்டை, கடற்கரை என்று கிளம்பிவிடுவார். நான் கீரமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். கேமராவில் ஒளி எப்படி நுழைகிறது என்று கரும்பலகையில் வரைந்து காட்ட எனக்குத் தெரியும். ஆனால் ஒரு படத்தை எடுக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். கம்ப்யூட்டரில் போட்டு அதைத் துலக்கவும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

தம்பி பிழைத்தான். விலா எலும்பு கூடியது. தொடைக் காயமும் ஆறியது. ஆனால் கொம்பு ஒரு நரம்பை அறுத்துவிட்டிருந்தது. வலது பாதத்தை அவனால் தூக்க முடியவில்லை. செருப்பு தரையில் இழுபட, கம்பு ஊன்றித்தான் நடந்தான். அவனுக்குக் கோபம் வந்தால் அந்தக் கம்பால் வீட்டில் எதையாவது உடைப்பான். தண்ணிப் பானை, கண்ணாடி, டிவி ரிமோட். எங்களைப் பெற்ற ஆத்தா அதையெல்லாம் பெருக்கி அள்ளுவாள். ஒரு தடவை நான் தடுக்கப் போனபோது என் முழங்கையில் விழுந்தது. எலும்பு முறியவில்லை, வீக்கம் வடிய வெகுநாள் ஆனது.

அந்த வருடம்தான் டவுனில் ஒரு சின்னப் புகைப்படக் கழகம், ஆசைக்குப் படம் எடுக்கிறவர்களுக்காக மாவட்ட அளவில் போட்டி வைத்தது. கோட்டைப்பட்டினத்தில் எடுத்த ஒரு படகுப் படத்தை அனுப்பினேன். ஆறுதல் பரிசு என்று தகவல் வந்தது. தேர்வான படங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் பார்வைக்கு வைத்திருந்தார்கள். "ஒன் படத்தைப் பாக்க வாரேன்க்கா" என்று தம்பி கிளம்பினான். குத்துப்பட்ட பிறகு அவன் தானாக ஒரு இடத்துக்கு வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவனுடைய கூட்டாளிகளும் பைக்கில் வந்தார்கள்.

மண்டபத்தில் என் படத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான்.

"அக்கா. இங்கிட்டு வா."

குரல் சரியில்லை. போனேன். முதல் பரிசு பெற்ற படத்தை மேடையில் தனியாக, கண்ணாடிச் சட்டம் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். கறுப்பு மாடு முன்னங்கால் இரண்டையும் காற்றில் வீசிப் பாய்கிறது. அதன் முதுகுக்கு மேலே திருமயம் வீரரின் முகம், பல்லைக் கடித்தபடி. சுற்றிலும் புழுதி மட்டும். வேறு ஒருவரும் இல்லை. ஒற்றை ஆளாக மாட்டை அடக்குகிறார். கீழே, படம் எடுத்தவர் என்று எங்கள் குழு அண்ணன் பெயர்.

"நல்லாப் பாரு" என்றான் தம்பி.

கொம்பு சுத்தமாக இருந்தது. தடுப்பு சுத்தமாக இருந்தது. தம்பி தொங்கிய இடத்தில் பொன் நிறத்தில் புழுதி பறந்தது. அழகாகச் செய்திருந்தார். அப்புறம் திமிலைப் பார்த்தேன். அதன்மேல் ஒரு கை இருந்தது. மறுபக்கத்திலிருந்து வருகிற ஆளின் கை என்றால் விரல்கள் நம்மைப் பார்த்து மடங்கியிருக்க வேண்டும். இந்த விரல்கள் அங்கிட்டுப் பார்த்து மடங்கியிருந்தன. மணிக்கட்டுக்குக் கீழே புழுதி. மணிக்கட்டில் செம்புக் காப்பு.

"அது என் கை" என்றான் தம்பி. "என் கையை வெட்டி அந்தாளுக்குக் குடுத்திருக்காய்ங்க."

அண்ணன் அதற்குள் எங்களைப் பார்த்துவிட்டார். "டீச்சர், நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் அறைந்தேன். மறுபடி அறைந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு மாணவனைக்கூட நான் கை நீட்டி அடித்ததில்லை. உள்ளங்கை எரிந்தது. அவர் தடுக்கவில்லை. அது என்னை இன்னும் வெறிகொள்ளச் செய்தது. "ஒங்க கையாலதானே தூக்கிட்டுப் போனீங்க? ஒங்க சட்டையெல்லாம் அவன் ரத்தம்தானே? அவன் அங்க இல்லவே இல்லையா?" என்று கத்தினேன்.

தம்பி கம்பை ஓங்கிப் படத்தின்மேல் போட்டான். கண்ணாடி நொறுங்கித் தரையெல்லாம் சிதறியது. போட்டிக் கமிட்டி ஆள் ஒருவர் தம்பியின் காலரைப் பிடித்தார். அவ்வளவுதான். கூட்டாளிகள் நாற்காலிகளைத் தூக்கிவிட்டார்கள். படங்கள் வைத்திருந்த தாங்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. யாரோ என் முடியைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த கையைக் கடித்தேன். வாயில் உப்புக் கரித்தது. திரும்பிப் பார்த்தபோது தம்பியின் கூட்டாளி ஒருவன் உடைந்த சட்டத்தை எடுத்து அண்ணனின் தலையில் இறக்கிக்கொண்டிருந்தான். நெற்றிக்கு மேலே தோல் பிளந்து தொங்கியது. அண்ணன் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். ரத்தம் கண்ணில் வழிய, துடைக்காமல், உடைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் வந்தது. அண்ணன், "நான்தான் படியில தடுக்கி விழுந்துட்டேன், சார்" என்றார். எவ்வளவு கேட்டும் அதையேதான் சொன்னார். கமிட்டியும் புகார் கொடுக்கவில்லை. அதனால் எங்கள் மேல் வழக்கு இல்லை.

அடுத்த வாரம் கமிட்டி எல்லோரையும் கூப்பிட்டது. அண்ணன் தலையில் கட்டோடு வந்தார். நானும் தம்பியும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எடிட் செய்த படங்களைப் போட்டியில் சேர்க்கலாமா என்பதுதான் பேச்சு, தனிப்பட்ட விஷயம் வேண்டாம் என்றார்.

"தனிப்பட்ட விஷயமா?" என்று தம்பி கம்பைத் தரையில் தட்டினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார். "டீச்சர், ஒங்க படகுப் படத்துல ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கெடந்துச்சு. எப்படி அழிக்கிறதுன்னு நான்தான் காட்டுனேன். அழிச்சீங்க. ஆறுதல் பரிசும் வாங்குனீங்க. அதை யாராச்சும் கேட்டாங்களா?"

"பாட்டிலும் என் தம்பியும் ஒண்ணா?"

"இல்ல. ஆனா கோடு எங்க இருக்குன்னு அப்ப யாரும் சொல்லலையே." பிறகு கமிட்டி பக்கம் திரும்பினார். "ரத்தம் தெரியிற படம், வதை தெரியிற படம் அனுப்பக் கூடாதுன்னு விதி போட்டது நீங்கதானே? என்கிட்ட இருந்த நல்ல படம் அது ஒண்ணுதான். அதுல ரத்தம் இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"ரத்தத்தை மட்டும் எடுத்திருக்கலாம்ல?" என்றேன்.

"முயற்சி பண்ணுனேன். ரத்தத்தை எடுத்தாலும் இவன் வாய் தொறந்திருக்கே, டீச்சர். அந்த வாயை என்ன செய்யிறது? ஒவ்வொரு தடவை படத்தைத் தொறக்கிறப்பவும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. கடைசில ஆளையே எடுத்துட்டேன். கையை எடுத்தா திமிலு சிதையுது. விட்டுட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் என் கோபம் தணியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம், நானும் அதையெல்லாம் செய்கிறவள்தான். ஆனால் ஒரு பாட்டிலை அழித்த அதே விரலுக்கு ஒரு ஆளை அழிப்பதும் அவ்வளவு சுலபமாக வருகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். கருவிக்கு வித்தியாசம் தெரியாது. நம்மில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

செயலாளர் மூலப் படத்தைக் காட்டச் சொன்னார். அண்ணன் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் இணைத்து, படத்தைச் சுவர்த் திரையில் போட்டார். அறையில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். கொம்பு தொடைக்குள் ஏறிய இடம், கிழிந்த டவுசர், தம்பியின் தொண்டை வரை தெரிகிற வாய். இவ்வளவுக்கும் மேலே, விடாத கை. தம்பி முன்னால் நகர்ந்து திரைக்குப் பக்கத்தில் நின்றான். அவன் முகத்தில் கொம்பின் நிழல் விழுந்தது.

"பிடிச்சிருக்கேன்ல?" என்றான் என்னிடம். "பாருக்கா. பிடிச்சிருக்கேன்."

பரிசைத் திரும்பப் பெற்றார்கள். இனிமேல் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, மூலப் படத்தையும் கூடவே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ரத்தம் கூடாது என்ற விதியும் அப்படியே இருந்தது. ஆக, அந்த மூலப் படத்துக்கும் போட்டியில் இடமில்லை.

பிறகு ஒருநாள் அண்ணன் வீட்டுக்கு வந்தார். மூலப் படத்தைத் தம்பியின் போனில் ஏற்றிக் கொடுத்தார். ஆத்தா அவருக்குக் காப்பி கொடுத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி படத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

"அண்ணே, இந்தத் திருமயத்தாளை எடுத்துட்டு என்னைய மட்டும் வச்சு ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களா?"

அண்ணன் நெற்றித் தையலைத் தடவினார்.

"ஒரு ஆளை அழிச்சதுக்கே மண்டை பொளந்து போச்சு. இனிமே ஒரு எறும்பைக்கூட அழிக்க மாட்டேன், தம்பி" என்று எழுந்து போய்விட்டார்.

"ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று நான் தம்பியிடம் கத்தினேன். "எதுக்குடா நான் அந்த மனுசனை ஊரு முன்னாடி அறைஞ்சேன்?"

"ஒன்னைய யாரு அறையச் சொன்னது?" என்றான் அவன்.

அவனே போனில் செய்துகொண்டான். அரைகுறையாக இருந்தது, திருமயத்துக்காரர் இருந்த இடத்தில் மாட்டின் முதுகு வீங்கித் தெரிந்தது. தொடையிலிருந்த கொம்பையும் மழுப்பியிருந்தான். வாயை மட்டும் அவன் தொடவில்லை. அதை ஸ்டேட்டஸில் போட்டான்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. திருமயத்துக்காரர். தனியாகத்தான் வந்திருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்த தம்பியின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"என்னைய ஏண்டா அழிச்ச?"

தம்பி கம்பால் அவர் முழங்காலில் அடித்தான். அவர் சரிந்தார். இருவரும் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் உருண்டார்கள். ஹெல்மெட் தம்பியின் தாடையில் மோதிய சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. தம்பி அவர் கழுத்தைப் பிடித்தான். நான் இருவருக்கும் நடுவில் விழுந்தேன். ஆத்தா குழாயடியிலிருந்து நிறைகுடத்தைத் தூக்கிவந்து மூன்று பேர் தலையிலும் கவிழ்த்துவிட்டு, காலிக் குடத்தால் கைக்கு எட்டிய முதுகிலெல்லாம் அறைந்தாள். "சாவுங்கடா! அன்னைக்கே செத்திருந்தா ஒரு அழுகையோட போயிருக்கும்!"

அவர்தான் முதலில் விலகினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். மூச்சு வாங்கியது.

"நான் பிடிக்கத் தாவலைடா" என்றார். "நீ கொம்புல கெடந்த. மாட்டுக் கழுத்தைத் திருப்பிவிட்டா நீ கழண்டு விழுவன்னு தாவுனேன். மாட்டைப் பிடிக்க இல்ல. அதை நான் யாருகிட்டயும் சொல்லிக்கல. அந்தப் படம் வந்தப்ப எல்லாரும் தூக்கி வச்சுப் பேசுனாங்க, நானும் பேசாம இருந்துட்டேன். அது தப்புதான். ஆனா நான் அங்க இல்லவே இல்லைன்னு நீ எப்படிப் போடுவ?"

நான் தம்பியின் போனை எடுத்து மூலப் படத்தைத் திறந்தேன். இரண்டு பேரும் ஈரத்தோடு குனிந்து பார்த்தார்கள். திமிலில் ஒரு கை, மாட்டின் முதுகுக்கு மேல் ஒரு முகம், தொடையில் கொம்பு. எல்லாம் இருந்தது. ஒன்றும் அழிக்கப்படவில்லை. ஆனால் கொம்பு முதலில் இறங்கியதா, இவர் முதலில் தாவினாரா என்பது அதில் இல்லை. அதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்த படங்களில் யாரோ ஒருவரின் முதுகு மறைத்துவிட்டது என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"நீ சொல்லுடா" என்றேன் தம்பியிடம். "அவரு எப்ப வந்தாரு?"

தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "எனக்கு ஞாபகம் இல்லக்கா."

"ஞாபகம் இல்லாமத்தான் என்னைய அழிச்சியா?" என்றார் அவர்.

தம்பி போனை வாங்கி ஸ்டேட்டஸை நீக்கினான். அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஆத்தாவிடம் மட்டும், "வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். முழங்காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு தம்பி பொருட்களை உடைப்பது நின்றது. அது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். சில சமயம், "அவரு சொன்னது நெசமா இருந்தா என்னக்கா செய்யிறது?" என்பான். "தெரியலடா" என்பேன்.

அடுத்த தை பிறந்த பிறகு, ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறித் திருமயத்துக்குப் போய்விட்டான். பகலெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. பொழுது சாயும்போது கம்பு ஊன்றி வந்தான். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. சட்டைப் பித்தான்கள் இல்லை.

"யாருடா அடிச்சது?" என்றேன்.

"ரெண்டு பேருந்தேன். அவரும் அடிச்சாரு, நானும் அடிச்சேன்" என்றான்.

என்ன பேசினார்கள் என்று அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையிலும் சொல்லவில்லை. கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஆத்தா சோறு போட்டாள். உதடு எரிந்திருக்கும், குழம்பு படும்போதெல்லாம் முகத்தைச் சுளித்தான். அப்படியும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டான்.